குதிரையின் சாட்சி

கரைத்தீவு என்றதும் பலருக்கு 1892இல் விபுலானந்த அடிகள் பிறந்த கிழக்கிலங்கைக் கரைத்தீவுதான் நினைவுக்கு வரும். இது வேறு கரைத்தீவு. புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காடு தொடங்குவதற்கு முன்னால் கடலோரமாகக் கிடக்கும் ஊர். இங்கிருந்து கரையோடு வடக்கே போனால் கலா ஓயா கடலில் சேரும் இடம் வரும். அதையும் தாண்டினால் காட்டுக்கும் கடலுக்கும் நடுவே செம்மண் முனையாக நீட்டிக்கொண்டிருக்கிறது குதிரைமலை.

அல்லி அரசாணி அங்கிருந்து ஆண்டாள், முத்தைக் கொடுத்து அரபிகளிடம் குதிரை வாங்கினாள் என்பது இந்தக் கரையின் பழங்கதை. செங்கல்லாலும் முருகைக்கல்லாலும் கட்டிய பேருருவக் குதிரை ஒன்று முன்னங்கால்களைத் தூக்கியபடி அங்கே நின்றதாகவும், கடலில் வருவோர்க்கு அதுவே அடையாளமாக இருந்ததாகவும் சொல்வார்கள். கதை இருக்கட்டும். கி.பி. 77இல் முடித்த தன் நூலில் உரோமர் பிளினி ஒரு செய்தியை எழுதி வைத்திருக்கிறார். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்த அன்னியஸ் பிளோகாமஸ் என்பவரின் ஆள் ஒருவன் அரேபியக் கரையில் காற்றில் அகப்பட்டு, 15ஆம் நாள் இலங்கையின் ஹிப்புரி என்ற துறையில் வந்து ஒதுங்கினானாம். அந்தத் துறை குதிரைமலைதான் என்று கருதும் ஆய்வாளர்கள் பலர்.

இத்தனை குதிரை நினைவுகள் உள்ள கரையில் வளரும் பிள்ளைக்குக் குதிரை ஏறிப் பழக ஆசை வந்தால், இன்று ஊரைவிட்டுத் தூரம்தான் போகவேண்டும். கொழும்பில் பயிற்சி நிலையங்கள் உண்டு. நுவரெலியாவில் விடுமுறைக் காலத்தில் மட்டக் குதிரையில் ஏற்றி ஒரு சுற்றுக் கூட்டிப்போவார்கள். அது உல்லாசம், பயிற்சி அல்ல. எங்கே போனாலும் பெற்றோர் முன்னால் ஒரே கேள்விதான் வந்து நிற்கும்: இந்த ஆளை நம்பிப் பிள்ளையை விடலாமா?

பார்க்கச் சின்னக் கேள்வி. உண்மையில் மதங்களும் தத்துவங்களும் காலங்காலமாக முட்டிக்கொண்ட கேள்வி இதுதான். குதிரையேற்றம் தெரியாதவர் குதிரையேற்றம் தெரிந்தவரை எப்படி இனங்காண்பது? தெரிந்தால்தான் அளக்க முடியும். தெரிந்துவிட்டால் ஆசான் எதற்கு? பிளேட்டோவின் 'புரோட்டாகோரஸ்' உரையாடலில் விடியுமுன்பே ஓர் இளைஞன் சோக்ரடீஸ் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். ஊருக்குப் புகழ்பெற்ற ஆசிரியர் வந்திருக்கிறார், உடனே அவரிடம் சேர்த்துவிடுங்கள் என்கிறான். சோக்ரடீஸ் அவனை நிறுத்திக் கேட்பதன் சாரம் இது: சந்தையில் வாங்கும் உணவைப் பாத்திரத்தில் வீட்டுக்குக் கொண்டுபோய், தெரிந்தவரிடம் காட்டிவிட்டு உண்ணலாம், கல்வியை அப்படிக் கொண்டுபோக முடியாது, வாங்கும்போதே அது உயிருக்குள் போய்விடுகிறது. குதிரையேற்றத்தில் உயிரோடு முதுகெலும்பும் சேர்ந்து பணயமாகிறது.

இதே கரையில் இறங்கிய ஒரு பயணி இந்தச் சிக்கலைத் தீர்த்த விதம் கவனிக்கத் தக்கது. 1344இல் மாலைதீவிலிருந்து வந்த இப்னு பதூதா பத்தாலா என்ற ஊரில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அந்த ஊர் புத்தளம் என்பதே பெரும்பாலோர் கருத்து. மன்னர் அவருக்கு முத்துக்களைக் காட்டினார். வேண்டியதைக் கேளும் என்றார். அவர் கேட்டது ஆதம் மலையின் பாதத்தைத் தரிசிக்க வழித்துணை. மன்னர் பல்லக்கும் ஆட்களும் கொடுத்தார். ஆண்டுதோறும் அந்த மலைக்குப் போய்வரும் யோகிகள் நால்வரையும், பிராமணர் மூவரையும் கூடவே அனுப்பினார். மக்காவுக்குப் பலமுறை போய்வந்தவர், காழியாகத் தீர்ப்புச் சொன்னவர், யோகிகளின் பின்னால் மலை ஏறினார். அவர்கள் மதம் வேறு, மொழி வேறு. ஆனால் அந்தப் பாதையை ஆண்டுதோறும் காலால் மிதிப்பவர்கள். வழிகாட்டிக்கு முதல் தகுதி அது. குதிரை கற்பிப்பவரிடமும் முதலில் கேட்கவேண்டியது சான்றிதழை அல்ல, இன்னும் நீங்கள் நாள்தோறும் ஏறுகிறீர்களா என்பதைத்தான்.

சான்றிதழ் வேண்டாம் என்பதல்ல. 1947இல் அமைந்த பிரித்தானியக் குதிரைச் சங்கம் பயிற்றுவிப்பாளர்களுக்குப் பரீட்சை வைக்கிறது, லாயங்களைப் போய்ப் பார்த்து அங்கீகாரம் தருகிறது. அப்படிப்பட்ட தாள் ஒருவர் கையில் இருந்தால் பாதுகாப்பு விதிகளைப் படித்திருக்கிறார் என்று கொள்ளலாம். ஆனால் தாள், பரீட்சை எழுதிய நாளின் கதை. இன்று பின்னேரம், யாரும் பார்க்காதபோது, அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைத் தாள் சொல்லாது.

தமிழில் ஆசிரியரின் தகுதிகளைப் பவணந்தி முனிவர் விரிவாக எழுதியிருக்கிறார். நன்னூலின் பாயிரத்தில் ஆசிரியர் எப்படி இருக்கவேண்டும், எப்படி இருக்கக்கூடாது, மாணவர் எப்படி இருக்கவேண்டும் என்றெல்லாம் வகுத்துவிட்டுத்தான் இலக்கணத்துக்குள் போகிறார். நிலத்தைப் போலப் பொறுமை, துலாக்கோலைப் போல நடுவுநிலை என்று நல்லாசிரியருக்கு அவர் சொல்லும் உவமைகள் பள்ளியில் படித்தவர்களுக்கு மறந்திருக்காது. இருந்தும் ஒரு குறை மிஞ்சுகிறது. பொறுமை முகத்தில் எழுதி ஒட்டியிருப்பதில்லை. காசு கட்ட வந்த பெற்றோரிடம் எல்லோரும் பொறுமையாகத்தான் பேசுவார்கள்.

இந்த இடத்தில் மத்ரஸாக்களில் சொல்லப்படும் ஒரு கதை கைகொடுக்கிறது. ஹதீஸ் தேடி நெடுந்தூரம் பயணம் செய்த ஒரு மாமேதை, ஒருவரிடம் நபிமொழி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போகிறார். போன நேரத்தில் அந்த மனிதர் கட்டவிழ்ந்து ஓடிய தன் குதிரையைப் பிடிக்க முயன்றுகொண்டிருக்கிறார். மேலாடையின் முனையைக் கையில் குவித்து, உள்ளே தானியம் இருப்பது போலக் காட்டிக் கூப்பிடுகிறார். குதிரை நம்பி வருகிறது. ஆடைக்குள் ஒன்றுமில்லை. வந்த மேதை ஒரு சொல்லும் கேட்காமல் திரும்பிவிடுகிறார். வாயில்லாச் சீவனிடம் பொய் காட்டியவர் நபியின் பெயராலும் பொய் சொல்லக்கூடும் என்பது அவர் முடிவு. இது கி.பி. 870இல் மறைந்த இமாம் புகாரிக்கு நடந்தது என்று பயான்களில் சொல்வார்கள். வேறு பெரியார்கள் பெயரிலும் சொல்வதுண்டு. யாருக்கு நடந்திருந்தாலும் அந்தக் கதை ஓர் அளவுகோலைக் கையில் தந்துவிடுகிறது. ஆசானின் அறிவை மாணவனால் அளக்க முடியாது. தன்னைவிட எளிய உயிரிடம் ஆசான் நடந்துகொள்ளும் விதத்தை எவராலும் அளக்க முடியும்.

அபூதாவூத் தொகுப்பில் வரும் நபிமொழி ஒன்று சவாரி பற்றியதே. வயிறு முதுகோடு ஒட்டிப்போன ஒட்டகம் ஒன்றைக் கண்ட நபிகளார், பேசமுடியாத இந்தப் பிராணிகள் விடயத்தில் அல்லாஹ்வை அஞ்சுங்கள் என்றும், அவை நல்ல நிலையில் இருக்கும்போது ஏறுங்கள் என்றும் சொன்னதாக அது அறிவிக்கிறது. மிருகத்தின் மீது ஏறுவது உரிமை அல்ல, கணக்குக் கேட்கப்படும் பொறுப்பு என்பதே இதன் பொருள். கரைத்தீவின் முஸ்லிம் பெற்றோர் ஒருவர் லாயத்தைப் பார்வையிடப் போனால், அது வாடிக்கையாளரின் சோதனை மட்டும் அல்ல. மார்க்கக் கடமையின் ஒரு பகுதியும்கூட.

அந்தக் கணக்கைக் குதிரை தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. சேணத்தைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்க்கவேண்டும். கரும்பழுப்புக் குதிரையின் முதுகில், தோளெலும்புக்குப் பின்னால், கைப்பிடி அளவு வெள்ளை முடி திட்டாக முளைத்திருந்தால் அது பெரும்பாலும் பிறவி மச்சம் அல்ல. பொருந்தாத சேணம் அழுத்திப் புண்ணாகி ஆறிய இடத்தில்தான் முடி அப்படி வெளுத்து முளைக்கும். இப்போது யாரும் புண்ணை மறைக்கவில்லை, ஆனால் முன்பு ஒரு காலத்தில் அந்தப் புண்ணோடு யாரோ ஏறியிருக்கிறார்கள். நேற்று வாங்கிய குதிரை என்றால் பழைய முதலாளியின் பிழை. பத்து ஆண்டாக இதே லாயத்தில் நிற்கும் குதிரை என்றால் கேள்வி கேட்கத்தான் வேண்டும். பிறகு வயிற்றுவார் கட்டும் இடத்தில் முன்னங்கால்களுக்குப் பின்னால் விரலால் தடவிப் பார்க்கலாம். தோல் உரிந்திருக்கிறதா என்று தெரியும். வாயோரம் கடிவாளம் அறுத்திருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடலாம். குளம்பு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை செதுக்கப்படவேண்டியது. ஓரம் வெடித்துத் தட்டையாகப் பரந்திருந்தால் லாடம் கட்டுபவர் வந்து நாளாயிற்று. வெக்கையான நாட்டில் ஒரு குதிரை நாளுக்கு 25 முதல் 50 லீற்றர் வரை, சில நாள் அதற்கும் மேலே, தண்ணீர் குடிக்கும். வாளி காய்ந்து கிடந்தால் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை.

இதைவிடத் தெளிவான சாட்சி பயிற்றுவிப்பாளர் லாயத்துக்குள் நுழையும் கணத்தில் கிடைக்கும். குதிரை காதை முன்னால் திருப்பித் தலையை இறக்கி வருகிறதா, காதைப் பிடரியோடு ஒட்டிக்கொண்டு மூலைக்கு ஒதுங்குகிறதா? குதிரைக்கு முகத்தாட்சணியம் கிடையாது. 1900களின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுவதாக உலகமே வியந்தது. கூட்டல் கேட்டால் விடையைக் குளம்பால் தட்டும். 1907இல் உளவியலாளர் ஒஸ்கர் ஃபுங்ஸ்ட் ஆராய்ந்து உண்மையைக் கண்டார். ஹான்ஸுக்குக் கணக்குத் தெரியாது. கேள்வி கேட்டவர் சரியான எண் வரும்போது தன்னையறியாமல் தலையை இம்மியளவு அசைப்பதை அது படித்துக்கொண்டிருந்தது. கேட்டவருக்கே தெரியாத அசைவு அது. மனிதரை அவ்வளவு நுணுக்கமாக வாசிக்கும் பிராணி, தினமும் தன்னைக் கையாளும் ஒருவரைப் பற்றி அறியாத இரகசியம் இருக்க முடியாது.

குதிரையை வாங்கிவிட்டால் குதிரை தெரிந்துவிடும் என்று நினைத்த அரசுகளும் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியர் துறைமுகங்களில் இறங்கிய குதிரைகளைப் பற்றிப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறார். ஆண்டுக்கு 10,000 குதிரை வரை, ஒன்றுக்கு 220 பொன் தினார், வழியில் கடலில் செத்தாலும் பணம் உண்டு. அதே காலத்தில் வந்த மார்கோ போலோ இன்னொரு பக்கத்தைச் சொல்கிறார். ஆண்டு முடிவில் 100 குதிரைகூட மிஞ்சுவதில்லையாம். பொருந்தாத தீனி, பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை. லாடமும் வைத்தியமும் தெரிந்தவர்கள் அங்கே போய்விடாதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள், குதிரை சாகச் சாகத்தானே விற்பனை என்கிறார். பயணிகள் சொல்லும் எண்களில் மிகை இருக்கலாம். ஆனால் அந்த வணிகத் தந்திரம் இன்றும் உயிரோடு இருக்கிறது. தன்னை விட்டால் வேறு வழியில்லை என்ற நிலையில் மாணவனை வைத்திருக்கும் ஆசான் அந்தக் குதிரை வணிகரின் வாரிசுதான். அவர் சவாரி நிலையத்திலும் இருப்பார், ஆன்மிக மடத்திலும் இருப்பார்.

இதுவரை சொன்னதெல்லாம் கருணையின் பக்கம். அது மட்டும் போதுமா? அங்குத்தர நிகாயத்தில் கேசி என்ற குதிரைப் பழக்குநர் புத்தரிடம் வருகிறார். குதிரையை எப்படிப் பழக்குகிறாய் என்று புத்தர் கேட்கிறார். மென்மையாலும் பழக்குவேன், கடுமையாலும் பழக்குவேன், இரண்டும் கலந்தும் பழக்குவேன், எதற்கும் படியாவிட்டால் கொன்றுவிடுவேன் என்கிறார் கேசி. நானும் மனிதரை அப்படியே பழக்குகிறேன் என்கிறார் புத்தர். உயிரைக் கொல்வது உமக்குத் தகுமா என்று கேசி திகைக்க, ஒருவரைத் திருத்தத் தகாதவர் என்று கைவிட்டு அவரோடு பேசாமல் விடுவதையே தன் வழியில் கொலை என்று புத்தர் விளக்குகிறார்.

இந்த உரையாடலை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு பயிற்சி வகுப்பைப் பார்த்தால் வேறொரு குறை கண்ணில் படும். பிள்ளை குதிரையில் சுற்றிச் சுற்றி வருகிறது. குதிகால் மேலே ஏறியிருக்கிறது, கை கடிவாளத்தில் தொங்குகிறது, ஒவ்வொரு அடிக்கும் குதிரையின் வாய் இழுபடுகிறது. பயிற்றுவிப்பாளர் கைபேசியைப் பார்த்தபடி 'நல்லா இருக்கு, நல்லா இருக்கு' என்கிறார். அடிக்கவில்லை, ஏசவில்லை. திருத்தவும் இல்லை. காசு வாங்கிக்கொண்டு மாணவனைக் கைவிட்டுவிட்டார். புத்தர் சொன்ன கொலை இதுதான். நல்ல ஆசான் முதல் நாட்களில் நீளக்கயிற்றின் நுனியைத் தன் கையில் வைத்துக் குதிரையைத் தானே வட்டமாக நடத்துவார். மாணவனுக்குக் கடிவாளமே தரமாட்டார். உட்கார்ந்து பழகுமுன் பிள்ளை குதிரையின் வாயைப் பிடித்துத் தொங்கக்கூடாது என்பதற்காக. கடிவாளம் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைக்கு 'இன்னும் இல்லை' என்று சொல்லும் துணிவு அவருக்கு இருக்கும்.

அடித்தால்தான் படியும் என்பது குதிரையைப் பற்றியும் சொல்லப்படுகிறது, ஓதப்போன பிள்ளையைப் பற்றியும் சொல்லப்படுகிறது. இரண்டும் தவறு. காலால் இலேசாக அழுத்தினால் குதிரை நகர்கிறது. நகர்ந்த அந்தக் கணமே அழுத்தத்தை எடுத்துவிட வேண்டும். அழுத்தும்போது அல்ல, விடும்போதுதான் குதிரை கற்கிறது. நகர்ந்த பிறகும் அழுத்திக்கொண்டே இருப்பவரிடம் அது கற்பது ஒன்றுதான்: என்ன செய்தாலும் இவர் விடமாட்டார். 2,300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கர் ஸெனபோன் தன் குதிரையேற்ற நூலில், கோபத்தோடு ஒருபோதும் குதிரையை நெருங்காதே என்று எழுதிவிட்டார். கடோபநிடதம் புலன்களைக் குதிரைகளாகவும், கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி இச்சையைக் குதிரையாகவும் அறிவை அதன்மேல் ஏறிய வேட்டைக்காரராகவும் சொன்னார்கள். ஆழமான உவமைகள். ஆனால் புதிதாக ஏறுபவரின் அனுபவம் நேர்மாறானது. குதிரை அமைதியாக நிற்கும். நடுங்குவதும், தொடையை இறுக்குவதும், மூச்சை அடக்குவதும் மேலே இருக்கும் மனிதர்தான். அந்த நடுக்கத்தைக் கேலி செய்யாமல், மூச்சை விடு என்று சொல்லிக்கொடுப்பவரே ஆசான்.

இதற்கெல்லாம் ஒரு மறுப்பு உண்டு. அது எளிதில் தள்ளக்கூடியது அல்ல. குருவை நாம் தேர்வதில்லை, குருவே நம்மைத் தேடி வருவார் என்பது பக்தி மரபின் உறுதி. அதற்குப் பெருஞ்சான்று குதிரைக் கதைதான். பாண்டியனின் அமைச்சர் மாணிக்கவாசகர் அரசன் கொடுத்த பொன்னோடு குதிரை வாங்கப் புறப்பட்டார். திருப்பெருந்துறையில், இன்றைய ஆவுடையார்கோயிலில், குருந்த மரத்தடியில் இருந்த குரு அவரை ஆட்கொண்டார். பொன் கோயில் திருப்பணிக்குப் போயிற்று. பிறகு இறைவனே நரிகளைப் பரிகளாக்கி ஓட்டி வந்து மதுரையில் ஒப்படைத்ததைத் திருவிளையாடற் புராணம் பாடுகிறது. அவர் சோதித்துப் பார்த்துக் குருவைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பது உண்மை. அருள் தேடி வரும் இடத்தில் அளவுகோலுக்கு வேலை இல்லை. ஆனால் மாதக் கட்டணம் வாங்கும் ஆசானிடம் அந்த வாதம் செல்லாது. அந்தக் கதையிலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது. பகலில் அரசன் பார்த்து மெச்சிய பரிகள் இரவில் நரிகளாகி, லாயத்தில் நின்ற பழைய குதிரைகளைக் கடித்துவிட்டு ஓடின. பகற்காட்சியை மட்டும் பார்த்து முடிவெடுத்த அரசனுக்கு லாயத்தின் உண்மை பிந்தித்தான் தெரிந்தது.

பெண்பிள்ளைகளின் விடயம் தனியே சொல்லவேண்டியது. பிள்ளைகளுக்கு நீச்சலும் வில்லும் குதிரையேற்றமும் கற்றுக்கொடுங்கள் என்று உமர் (ரலி) சொன்னதாக ஒரு கூற்று முஸ்லிம் வீடுகளில் பரவலாகத் தெரியும். பிள்ளைகள் என்றால் மகள்மாரும்தான். அல்லி அரசாணியின் கதையைச் சொல்லும் கரை, குதிரை ஆணுக்குரியது என்று சொல்ல முடியாது. பெண் பயிற்றுவிப்பாளர் இருக்கிறாரா, பர்தாவுக்கு மேல் பொருந்தும் தலைக்கவசம் இருக்கிறதா, ஏற்றி இறக்கும்போது தொடுவதற்கு முன் அனுமதி கேட்கிறார்களா என்று தயங்காமல் கேட்கவேண்டும். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் இடம் உங்களுக்கு ஏற்ற இடம் அல்ல. எடை பற்றியும் வெட்கப்படாமல் கேட்கலாம். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பல நிலையங்கள் கைக்கொள்ளும் கணக்கு. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. எடையைக் கேட்காமலே ஏற்றுகிறவர் குதிரையைப் பற்றி நினைக்கவில்லை.

தூரம் போகமுடியாத பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. புத்தளம், கற்பிட்டி, மன்னார் தெருக்களில் அலையும் கழுதைகள் ஒருகாலத்தில் சுமை இழுத்தவை. லொறி வந்ததும் கைவிடப்பட்டன. இன்று வாகனம் மோதிக் காலொடிந்து நிற்பவை அவற்றுள் உண்டு. மன்னாரில் பிரிட்ஜிங் லங்கா அமைப்பு கழுதைகளுக்கென்று சிகிச்சை நிலையமும் கல்வி நிலையமும் தொடங்கி, சிறு பிள்ளைகளைக் கழுதைகளோடு பழகவும் வைத்தது. குதிரைக் குலத்தைச் சேர்ந்த ஒரு பிராணியின் பக்கவாட்டில் மெல்ல நெருங்கவும், அதன் காது சொல்வதை வாசிக்கவும், அது வேண்டாமென்றால் விலகவும் ஒரு பிள்ளை கழுதையிடமே பழகலாம். நெடுந்தீவில் போர்த்துக்கேயர் காலத்திலிருந்து வழிவந்த குதிரைகள் காட்டுக் குதிரைகளாகத் திரிகின்றன. 2015இல் அங்கே தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. கோடையில் தண்ணீரில்லாமல் அவை செத்து விழுவதும் செய்தியாகிறது. குதிரையை நேசிக்கக் கற்பிக்கும் நிலையம் எதுவும் இவற்றைப் பற்றிப் பேசாமல் இருக்கக்கூடாது.

ஆகவே கட்டணத்தைக் கட்டுமுன் ஒருநாள் பின்னேரம் சொல்லாமல் போங்கள். வகுப்பு நடக்கும் நேரம் வேண்டாம். வகுப்பு முடிந்து களைத்த குதிரைகள் திரும்பும் நேரம் போங்கள். சேணம் கழற்றப்படும்போது பக்கத்தில் நில்லுங்கள். வியர்த்த முதுகை யார் கழுவுகிறார், குதிரை பார்க்கும் பையனை ஆசான் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார், அவனுக்குச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கிறாரா என்று கவனியுங்கள். பிள்ளையை ஓதக் கொடுக்கும் உஸ்தாதிடமும், தீட்சை கேட்கும் குருவிடமும் இதே போல ஒரு பின்னேரம் போய் வாருங்கள். அங்கே சமைப்பவரிடமும் வாகனம் ஓட்டுபவரிடமும் ஆகக் கடைசியாகச் சேர்ந்த சின்னப் பிள்ளையிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அதன் பிறகு முடிவெடுங்கள்.